முதுகுப் பையும் வாட்டில் மரமும்

அறுபத்தாறு வயதில் முதுகில் பை மாட்டிக்கொண்டு தனியாக ஊர் சுற்றப் போகிறேன் என்றதும் மகள் சிரித்தாள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்று தெரிந்ததும் பயந்துவிட்டாள்.

"இது என்னா ஆற்காடாப்பா? தொலைஞ்சு போயிட்டீங்கன்னா?"

"கலவையிலிருந்து ஆற்காடு போய், பஸ் மாறி ராணிப்பேட்டைக்கு முப்பத்தோரு வருஷம் வேலைக்குப் போனவன்மா நான்."

மருமகன்தான் எனக்குத் துணை நின்றார். "போய்ட்டு வரட்டும் விடு. மாமா, போனை மட்டும் ஆஃப் பண்ணிடாதீங்க."

இது நடந்தது 2018 அக்டோபரில். மகள் வீடு மெல்போர்னுக்கு மேற்கே வெரிபீயில். நகருக்குள் இளைஞர்கள் தங்கும் விடுதி ஒன்றில் மூன்று ராத்திரிக்கு இடம் போட்டுக் கொடுத்தார்கள். ஒரு அறையில் ஆறு பேர், அடுக்குக் கட்டில். எனக்கு விழுந்தது மேல் கட்டில். ஏணியைப் பார்த்தபடி நான் நின்ற நிலையைக் கண்ட ஜெர்மன் பையன் ஒருவன், ஒன்றும் பேசாமல் தன் பையை மேலே எறிந்துவிட்டுக் கீழ்க் கட்டிலைக் காட்டினான்.

முதல் நாள் நகரம். நடு நகரத்தில் டிராமுக்குக் காசில்லை. ஏறி ஏறி இறங்கினேன். பிளிண்டர்ஸ் தெரு ரயில் நிலைய வாசலில் வரிசையாகக் கடிகாரங்கள். 1878-இல் திறந்த விக்டோரியா மகாராணி சந்தையில் ஆப்பிள் வாங்கித் தின்றேன். பிறகு மாநில நூலகம். 1913-இல் கட்டிய பெரிய குவிமாடத்தின் கீழ் உட்கார்ந்து, இந்த ஊரின் பழைய கதையைப் படித்தேன். யாரும் வந்து என்ன ஏது என்று கேட்கவில்லை.

இரண்டாம் நாள் பெல்கிரேவ் மலைப்பக்கம். அங்கே 1900-இல் திறந்த பாதையில் ஓடும் 'பஃபிங் பில்லி' என்ற நீராவி ரயில் இருக்கிறது. இரண்டரை அடி அகலத் தண்டவாளம். ரயிலை விட்டு இறங்கிச் சரிவில் நடந்தபோது, வெளிர்மஞ்சள் பூ பூத்த ஒரு மரம். இலை நம் கருவேல இலை மாதிரி, ஆனால் மிருது. நாயோடு வந்த பெரியவரிடம் பெயர் கேட்டேன்.

"பிளாக் வாட்டில்" என்றார்.

அப்படியே நின்றுவிட்டேன். தோல் ஷாப்பில் நான் ஸ்டோர் கீப்பர். 'வாட்டில் - இத்தனை மூட்டை' என்று முப்பத்தோரு வருஷம் பேரேட்டில் எழுதியவன். செம்பழுப்புப் பொடி. சட்டை, விரல், சோற்று கேரியர் எல்லாம் அதன் வாசம்தான். மரப்பட்டைச் சாறு என்று தெரியும். பிறந்த ஊர் தெரியாது. நம் பக்கம் முன்பெல்லாம் ஆவாரம்பட்டையில்தான் தோல் பதனிட்டார்கள். வெள்ளைக்காரன் காலத்தில் இந்த ஆஸ்திரேலிய மரத்தை நீலகிரியில் கொண்டுவந்து நட்டான். அங்கே சீகை மரம் என்பார்கள். தென்னாப்பிரிக்காவிலும் தோட்டம் போட்டார்கள். எங்களுக்கு வந்த மூட்டைகளில் அந்த நாட்டுப் பெயர்தான் இருக்கும். எனக்குச் சோறு போட்ட மரத்தை அன்றைக்குத்தான் முதல் முறையாகத் தொட்டேன்.

மூன்றாம் நாள் யாரா ஆற்றங்கரையில், அபட்ஸ்போர்டு பக்கம் நடந்தேன். தண்ணீர் டீ நிறத்தில் ஓடியது. எனக்குத் திக்கென்றது. துடுப்புப் படகைக் கரையேற்றிக்கொண்டிருந்த ஒரு அம்மாள், "அது களிமண் நிறம், பயப்படாதீர்கள்" என்றார்.

என் பயத்துக்குக் காரணம் இருந்தது. 19-ஆம் நூற்றாண்டில் இந்தக் கரையெல்லாம் தோல் தொழிற்சாலை, கம்பளி கழுவும் இடம், கசாப்புக்கூடம் என்று நூலகத்தில் படித்திருந்தேன். அத்தனை கழிவும் ஆற்றில்தான். 1880-களில் ஊர்ப் பெயரையே திரித்து 'ஸ்மெல்போர்ன்', அதாவது நாற்றம் பிடித்த ஊர் என்று கேலி செய்தார்களாம். 1891-இல் வாரியம் அமைத்து, 1897-இல் இருந்து வீட்டுச் சாக்கடையைக் குழாய் வழியே வெரிபீக்குக் கொண்டுபோனார்கள். இன்றைக்கும் ஆறு முழுச் சுத்தம் இல்லை. ஆனாலும் படகு ஓடுகிறது.

அங்கே உட்கார்ந்தபோது அக்கா ஞாபகம் வந்தது. பாலாற்றங்கரை ஊரில் வாழ்க்கைப்பட்டவள். "தம்பி, கெணத்துத் தண்ணியில டீ போட்டா பாலு திரியுதுடா" என்று ஒரு நாள் சொன்னாள். "எல்லா ஊர்லயும் உப்புதான்" என்று வாயை அடைத்தேன். 1996 ஆகஸ்டில் தோல் தொழிற்சாலைக் கழிவு பற்றி உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னபோது, எங்கள் சோற்றில் மண் விழுந்ததாகக் கத்தியவர்களில் நானும் ஒருவன். தினமும் இரண்டு தடவை பாலாற்றுப் பாலத்தைத் தாண்டியவன், ஒரு நாளாவது பஸ் ஜன்னல் வழியே ஆற்றை யோசித்துப் பார்த்தேனா? இல்லை. இரண்டு பெண்களைப் படிக்க வைத்ததும் அந்தச் சம்பளம்தான். அதையும் மறுக்க மாட்டேன்.

அங்கிருந்தே அக்காவுக்குப் போன் போட்டேன். ஊரில் காலை ஒன்பதரை. அன்றைக்குச் சொன்னது தப்பு என்று சொல்லத்தான் கூப்பிட்டேன். அதற்குள் அவள் முந்திக்கொண்டாள்.

"எங்கடா இருக்க?"

"ஒரு ஆத்தங்கரையில அக்கா."

"தண்ணி இருக்குதா?"

"ஓடுதுக்கா."

கொஞ்ச நேரம் இரண்டு பேரும் பேசவில்லை. பிறகு சொன்னேன். "அதெல்லாம் அப்பவே போச்சு. நேரத்துக்குச் சாப்பிடு" என்று வைத்துவிட்டாள்.