ஆற்றில் விட்டது

வெள்ளம் வடிந்த மறுநாள் கரைக்குப் போய் மரங்களை அண்ணாந்து பார்ப்பது எங்கள் பக்கத்துப் பெரியவர்களின் வழக்கம். மருத மரத்தின் எந்தக் கவையில் வைக்கோலும் சருகும் சிக்கிக் கிடக்கிறதோ, அதுதான் அந்த வருஷத்து வெள்ளத்தின் மட்டம். 1992 நவம்பரில் தாமிரபரணிப் படுகை முழுக்கப் புரண்டு வந்த தண்ணீரை அப்படித்தான் கையைத் தூக்கிக் காட்டிச் சொல்வார்கள். 2023 டிசம்பரில், காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டிய அந்த மழைக்குப் பிறகு நானும் போய்ப் பார்த்தேன். மட்டம் தெரிந்தது, தூரத்திலிருந்தே தெரிந்தது. நீலமும் சிவப்புமாகப் பாலித்தீன் பைகள் மரத்துக்கு மரம் தொங்கின. வைக்கோல் பங்குனி வெயிலில் உதிர்ந்துவிடும். இது உதிராது. அடுத்த வெள்ளம் வந்தால் எது எந்த வருஷத்து மட்டம் என்று குழம்பத்தான் வேண்டும்.

ராமநதிக்கும் ஜம்புநதிக்கும் நடுவில் இருக்கிறது எங்கள் ஊர் கடையம். இரண்டும் மேற்கே தெரிகிற மலையில்தான் பிறக்கின்றன. அதனால் மேலே எவனோ போட்டது இங்கே வந்துவிட்டது என்று நாங்கள் யாரையும் கைகாட்ட முடியாது. கிடப்பது பெரும்பாலும் எங்கள் குப்பை. ஊர்ப் பிள்ளைகள் சிலர் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாக்கும் கையுறையுமாக ஆற்றில் இறங்கியபோது நானும் சேர்ந்துகொண்டேன். குவார்ட்டர் பாட்டில்கள், தேநீர்க் கோப்பைகள், தெர்மாகோல், குழந்தைகளுக்குக் கட்டுகிற நாப்கின். இவையெல்லாம் மேலாகக் கிடப்பவை, குனிந்தால் வந்துவிடும். பாடாய்ப் படுத்தியது துணிதான். மணலுக்கு வெளியே ஒரு முனை நீட்டிக்கொண்டிருக்கும். இழுத்தால் வேரைப் போல உள்ளே போய்க்கொண்டே இருக்கும். இரண்டு பேர் காலை ஊன்றி இழுத்தால் ஒரு முழு பாலியெஸ்டர் சேலை, சாயம்கூட மங்காமல் வரும்.

கரையில் முறத்தை மடியில் வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருந்த ஆச்சி ஒருத்தி கையை நிறுத்திவிட்டுச் சத்தம் போட்டாள்.

"எய்யா, ஆத்துல விட்டத எடுக்கப்பிடாதுய்யா. செத்தவுக துணில்லா அது."

பிள்ளைகள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் ஆச்சியும் அதையேதான் சொல்லியிருப்பாள். அவளுக்கு ஆறு குப்பைத்தொட்டி அல்ல. ஆற்றில் போடுவது என்ற பேச்சே அவளிடம் கிடையாது, விடுவதுதான். கருமாதிக்குப் பின் சாம்பலை விட்டாள். நவராத்திரி முடிந்ததும் முளைப்பாரியை விட்டாள். வீட்டில் தெய்வப் படம் பழசானால், தெருவில் போட மனம் வராமல் மடியில் கட்டிக்கொண்டுபோய் விட்டாள். பாபநாசத்தில் இன்றைக்கும் பரிகாரம் என்று படித்துறையில் உடுத்த துணியை அவிழ்த்து விடுகிறவர்களும், ஆடி அமாவாசைக்குச் சொரிமுத்து ஐயனார் கோவிலில் கூடுகிற கூட்டமும் அந்த வழி வந்தவர்கள்தான். அங்கே புலிகள் காப்பகத்துக்குள்ளேயே, திருவிழா முடிந்ததும் தன்னார்வலர்கள் நீருக்குள் நின்று துணி அள்ளுகிறார்கள். 'விழிப்புணர்வு இல்லாத மக்கள்' என்று இவர்களைச் சொல்வது எனக்கு ஒப்பவில்லை. கை அதே கைதான். அது விடுகிற பொருள்தான் மாறிப்போயிற்று.

என் சிறு வயதில் ஆற்றங்கரைக் குப்பை என்றால் என்ன கிடந்தது? பல் தேய்த்துவிட்டுப் போட்ட வேப்பங்குச்சி. கட்டுச்சோறு மடித்த வாழையிலை. கறிக்கடையிலிருந்து வந்த தேக்கிலை. அடி பிய்ந்துபோன பனையோலைப் பெட்டி. சீயக்காய் தேய்த்த கல்லில் ஒரு பழுப்புக் கறை, அவ்வளவுதான். சீயக்காயை ஆச்சி வீட்டிலேயே இடித்து ஓலைக் கொட்டானில் கொண்டுவருவாள். கண்ணில் பட்டால் எரியும், அதற்காகவே குளிப்பதற்குப் பயந்து ஓடியிருக்கிறேன். அந்தக் கல்லிடுக்கில் இப்போது விரல் விட்டுப் பார்த்தால் ஷாம்பூ சாஷே. ஒரு கல்லுக்கடியில் ஒரு கொத்து.

இந்தச் சாஷேக்கும் எங்கள் ஊருக்கும் ஒரு விசித்திரமான உறவு இருக்கிறது. ஷாம்பூவைச் சின்னப் பையில் அடைத்து எளியவர்கள் கைக்கு எட்டுகிற விலையில் விற்கலாம் என்று நம் நாட்டில் முதலில் துணிந்தவர்களில் ஒருவர் கடலூர்க்காரரான சின்னிகிருஷ்ணன். பணக்காரர் குளியலறைச் சாமானைக் கூலிக்காரரும் வாங்க வைத்த யோசனை. அதில் குற்றம் சொல்ல என்ன இருக்கிறது? அதே கடலூரின் சிறையிலிருந்து 1918 டிசம்பரில் விடுதலையாகித்தான் பாரதி, மனைவி செல்லம்மாளின் ஊரான கடையத்துக்கு வந்தார். ஏறத்தாழ இரண்டு வருஷம் இங்கே இருந்துவிட்டு, 1920இல் 'சுதேசமித்திரன்' பத்திரிகைக்குத் திரும்பப் போனார். அவர் இருந்த கடையத்தில் பாலித்தீன் இல்லை. அதை இங்கிலாந்தில் கண்டுபிடித்ததே 1933இல்தான். நித்யகல்யாணி அம்மன் கோவில் பக்கம் நடக்கும்போதெல்லாம், இந்தப் பாதையில் அன்றைக்குக் காலில் என்ன மிதிபட்டிருக்கும் என்று ஒரு யோசனை ஓடும். சாணி, முள், ஆலம்பழம்.

பொருள் மட்டும் மாறவில்லை, ஆறும் மாறிவிட்டது. 1974இல் ராமநதி அணை வந்தது, 84 அடி. அது வந்ததால் பாசனத்துக்கு ஒரு நிதானம் கிடைத்தது, மறுக்கவில்லை. ஆனால் முன்பெல்லாம் ஐப்பசி கார்த்திகையில் தண்ணீர் தன் போக்கில் இறங்கி, படுகையைச் சுரண்டிக் கழுவி, புது மணலை விரித்துவிட்டுப் போகும் என்பார்கள். அது வருஷா வருஷம் ஆறே செய்துகொண்ட துப்புரவு. இப்போது எப்போதோ ஒருமுறைதான் அப்படி ஒரு வெள்ளம். மற்ற நாளில் தண்ணீர் ஓர் ஓரமாகத் தயங்கித் தயங்கிப் போகிறது. நாணலும் சகதியும் ஏறிய இடத்தில் எது விழுந்தாலும் அங்கேயே தங்குகிறது. காலில் குறுகுறுக்கிற அந்த மணலும் போயிற்று.

கூடி வேலை செய்வதும் எங்களுக்குப் புதிதில்லை. தண்ணீர் திறப்பதற்கு முன் வீட்டுக்கு ஓர் ஆள் மண்வெட்டியோடு கால்வாய் வெட்டப் போனதைப் பழைய ஆட்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். அதைப் பொற்காலமாக்கிப் பேசுகிறவர்களிடம் மட்டும் எனக்கு ஒரு சின்னச் சண்டை உண்டு. அந்தக் குடிமராமத்துக்கு வராதவனிடம் காசு பிடுங்க 1858இலேயே வெள்ளைக்காரன் சட்டம் போட வேண்டியிருந்தது. சகதிக்குள் இறங்கியவர்கள் யார், கரையில் குடை பிடித்து நின்றவர்கள் யார் என்பதும் எல்லோருக்கும் தெரியும். அந்த ஞாயிற்றுக்கிழமை எல்லாத் தெருப் பிள்ளைகளும் ஒரே சகதியில் நின்றார்கள். இது அப்போது இல்லாதது.

வெயில் ஏறியதும் தரம் பிரிக்க உட்கார்ந்தோம். பாட்டிலுக்குப் பழைய இரும்புக்கடையில் ஆள் உண்டு. சாஷேயை எவரும் தொட மாட்டார்கள். ஈரத்துணி மூட்டையோ தூக்க முடியாத கனம். படித்துறையில் ஒரு பெரிய கூடை வைத்துவிடலாம், துணியை அதில் போடச் சொல்லலாம் என்றான் ஒருவன்.

"கூடையில போட்டா அது எப்படிய்யா போய்ச் சேரும்?" என்றாள் ஆச்சி. முறத்தை ஓரமாக வைத்துவிட்டு எழுந்தே வந்துவிட்டாள்.

"அப்ப நீங்களே ஒரு வழி சொல்லுங்க, ஆச்சி."

அவள் கரையில் பரத்திக் கிடந்த சேலைகளைக் காலால் தள்ளித் தள்ளிப் பார்த்தாள்.

"கோடித்துணியில ஒரு முழம் கிழிச்சு விட்டாப் போதும். எங்க காலத்துல அம்புட்டுத்தான் விட்டோம். முழுச் சேலைய ஆத்துல விடுததுக்கு அப்ப யாருட்டய்யா இருந்தது?"