இன்ஜினும் ட்ரயல் பேலன்ஸும்

பி.காம் படிக்கிறவனுக்கு கிராங்க் ஷாஃப்ட்டோடு என்ன வேலை என்று கிளாஸில் கேட்கிறார்கள். இரண்டும் ஒரே வேலைதான் மக்களே!

ட்ரயல் பேலன்ஸ் டேலி ஆகவில்லையா? வித்தியாசம் 9-ஆல் வகுபட்டால் எங்கோ இலக்கங்கள் இடம் மாறியிருக்கலாம். வித்தியாசத்தில் சரிபாதித் தொகை ஏதாவது பதிவில் இருந்தால் அது பக்கம் மாறி விழுந்திருக்கலாம். தப்பு எங்கே என்பதை அதன் சாயலே காட்டிக் கொடுத்துவிடும். இன்ஜின் "பிடிக்கிற இடம்" தேடுவதும் அப்படித்தான்.

எங்கள் வீட்டில் இருப்பது தாத்தா வாங்கிய 1978 அம்பாசடர். 1489 சிசி, நாலு சிலிண்டர், மூன்றே மெயின் பேரிங். புது பேரிங், புது ரிங் போட்டு மூடும்போது, கையால் சுற்றினால் ஒரே இடத்தில் பிடித்தது. "ஓட ஓட தானா லூஸ் ஆயிடும் தம்பி" என்றார் மெக்கானிக் அண்ணன். நம்ம பாஷையில், வித்தியாசத்தை சஸ்பென்ஸ் அக்கவுண்டில் தள்ளுவது!

எனக்கு மனசு ஒப்பவில்லை. அந்த கிராங்க் ஏற்கெனவே 30 சைஸுக்கு கிரைண்ட் ஆனது. அதாவது அங்குலத்தில் ஆயிரத்தில் 30 பங்கு தேய்த்தாகிவிட்டது. இந்த இன்ஜினுக்கு 10, 20, 30, 40 என்றுதான் பேரிங் சைஸ். பேரிங் உருகி கிராங்க்கை வரி போட்டால் மிச்சம் ஒரே வாய்ப்பு. அம்பாசடர் உற்பத்தியே 2014-ல் நின்றுவிட்டது.

அதனால் கணக்குப் பார்த்தோம். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றியாச்சு, எனவே கம்ப்ரஷன் இல்லை. கேம் ஷாஃப்ட் பக்கம் கோளாறு என்றால் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை பிடிக்கும், ஏனென்றால் கேம் பாதி வேகத்தில்தான் சுற்றும். புது ரிங்கின் இறுக்கம் சுற்றில் பெரும்பகுதி இருக்கும். பிஸ்டன்கள் மேலேயும் கீழேயும் நிற்கும்போது மட்டும் இலகுவாகும். எங்களுடையதோ ஒவ்வொரு சுற்றிலும் ஒரே ஒரு இடம். அப்படியென்றால் கிராங்க்.

பிஸ்டன்களை வெளியே எடுத்தும் பிடித்தது. மெயின் பேரிங் கேப்களை ஒவ்வொன்றாகத் தளர்த்தினோம். நடு கேப்பைத் தளர்த்தியதும் வெண்ணெயாகச் சுற்றியது! பேரிங்குக்கு அடியில் தூசி இருந்தால் சுற்று முழுக்க இறுகும். ஒரு கோணத்தில் மட்டும் என்றால் கிராங்க் வளைந்திருக்கிறது.

இரண்டு முனையையும் வி-பிளாக்கில் வைத்து நடுவில் டயல் கேஜ் வைத்தோம். முள் 8 கோடு, அதாவது 0.08 மில்லிமீட்டர் ஆடியது. தலைமுடி கனம்தான். ஆனால் பேரிங்கில் எண்ணெய்க்கு விடும் இடைவெளியும் ஏறக்குறைய அவ்வளவுதானே! பிரஸ்ஸில் நிமிர்த்தியதும் 2 கோட்டுக்கு வந்தது. தேய்க்க வேண்டியிருக்கவில்லை. அந்த 40 இன்னும் கையிருப்பில் இருக்கிறது.

இன்ஜின் பிரிக்கிறவர்களுக்கு ஒரே ஒரு விஷயம். ஒவ்வொரு பாகம் மாட்டியதும் ஒரு சுற்று சுற்றிப் பாருங்கள். எல்லாம் மாட்டியபின் பிடித்தால் சந்தேகம் நாற்பது. உடனே பிடித்தால் ஒன்றுதான்.