ஆடாம நில்லு

என் மகளுக்கு இப்போது ஒன்பது வயது. மூன்றிலிருந்து ஏழு வயது வரை நான் அவளை எடுத்த படங்கள் ஒரு ஹார்ட் டிஸ்க் நிறையக் கிடக்கின்றன, பதினோராயிரத்துச் சொச்சம். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து, கண்ணிமை தெளிவாகத் தெரிகிற படங்களை மட்டும் பிரித்தேன். இருநூறுகூடத் தேறவில்லை. மற்றதெல்லாம் கலங்கல். அதற்கு அவள் காரணமில்லை, லென்ஸும் காரணமில்லை. நான்தான். அதை ஒப்புக்கொள்ளாமல் நான்கு வருடம் பிள்ளையைத் திட்டியிருக்கிறேன்.

"ஆடாம நில்லு." மூன்று வயதுக் குழந்தையிடம் நான் அதிகம் சொன்ன வார்த்தை இதுதான்.

கேமராவோடு வந்தது 18-55 கிட் லென்ஸ். முகத்தை நெருக்கமாக எடுக்க 55-க்குத் திருகினால் அபெர்ச்சர் 5.6-க்குப் போய்விடும். டியூப்லைட் வெளிச்சத்தில் அது போதாது. அதனால் 50 எம்எம் 1.8 லென்ஸ் வாங்கினேன். வாங்கியது தப்பில்லை. 5.6-ஐவிட 1.8-இல் ஒன்பது மடங்குக்கு மேல் வெளிச்சம் உள்ளே வரும். அந்த வெளிச்சத்தை நான் ஷட்டர் வேகத்துக்குக் கொடுத்திருக்க வேண்டும். கொடுக்கவில்லை. படத்தில் புள்ளி புள்ளியாக வருகிறதே என்று பயந்து, 3200-இல் இருந்த ஐஎஸ்ஓவை 400-க்கு இறக்கினேன். ஷட்டர் பழையபடி 1/50-லேயே நின்றது.

நொடிக்கு ஒன்றரை மீட்டர் வேகத்தில் தத்தித் தத்தி ஓடுகிற குழந்தை, 1/50 நொடியில் 3 சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். 1/500 என்றால் 3 மில்லிமீட்டர்தான். பள்ளிக்கூடக் கணக்கு. நான் போட்டுப் பார்க்கவே இல்லை.

அதோடு இன்னொன்று. என் கேமராவில் ஐந்தடி தூரத்தில் 1.8-இல் எடுத்தால் கூர்மையாக விழும் ஆழம் சுமார் 6 சென்டிமீட்டர்தான். மூக்கு நுனி தெளிவாக இருந்தால் காது இருக்காது. அப்படிப்பட்ட லென்ஸை வைத்துக்கொண்டு, எங்கே ஃபோகஸ் செய்வது என்பதைக் கேமராவின் தீர்மானத்துக்கே விட்டிருந்தேன். அது பெரும்பாலும் முன்னால் இருப்பதைப் பிடித்துக்கொள்ளும்.

படம் சரியில்லை என்றதும் அடுத்த லென்ஸ். 70-200, 2.8. ஒன்றரைக் கிலோ கனம். மனைவி இரண்டு வருடம் கட்டிய சீட்டுப் பணத்தில் வாங்கினேன். "பாப்பாவுக்காகத்தானே" என்றேன். அவள் ஒன்றும் பேசவில்லை. அதிலே நடுக்கம் தாங்கும் வசதி உண்டு என்று பெருமையாக விளக்கியது நினைவிருக்கிறது. அது என் கை நடுக்கத்தைத்தான் தாங்கும், ஓடுகிற பிள்ளையை நிறுத்தாது.

கல்கத்தாவில் பிறந்து, கடைசிக் காலத்தில் இலங்கைக்குப் போய் 1879-இல் அங்கேயே இறந்த புகைப்படக் கலைஞர் ஜூலியா மார்கரெட் கேமரன் பற்றி அப்போது படித்திருந்தேன். 1864-இல் ஆனி என்ற சிறுமியை எடுத்த படத்தைத்தான் தன் முதல் வெற்றி என்று அவர் குறித்துவைத்தார். ஈரம் காயாத கண்ணாடித் தகட்டில் உருவம் பதிய நேரமாகும். குழந்தைகள் அசையாமல் உட்கார்ந்தே தீர வேண்டிய காலம் அது. என் கையில் இருந்ததோ 1/4000 வரை போகிற கேமரா. பிள்ளையை அசையாதே என்று சொல்ல எனக்கு எந்த நியாயமும் இல்லை.

ஆறு வயதில் பள்ளி ஆண்டு விழாவுக்குச் சலங்கை கட்டி நின்றவளை, ஒரே குதியை எட்டுத் தடவை குதிக்கச் சொன்னேன். ஐந்தாவது தடவையிலேயே சிரிப்பு போய்விட்டது. எட்டாவதில் அழுதாள். கண் மை கரைந்துவிட்டதே என்று அதற்கும் கத்தினேன்.

அம்மா இறந்து பதினாறாம் நாளுக்கு முன்பு, பெரிதாக்கி மாட்ட ஒரு படம் தேடினேன். திண்ணையில் உட்கார்ந்து பேத்திக்கு எண்ணெய் தேய்த்துவிடும் படம். அம்மா எதையோ சொல்ல, இவள் தலையைத் திருப்பிச் சிரிக்கிறாள், அம்மாவும் சிரிக்கிறார். அம்மா அப்படி வாய்விட்டுச் சிரித்த வேறு படம் எங்களிடம் இல்லை. பேருந்து நிலையத்துக்குப் பக்கத்து ஸ்டூடியோக்காரர் அதைத் திரையில் பெரிதாக்கினார். இரண்டு முகங்களும் கரைந்திருந்தன. முன்னால் இருந்த எண்ணெய்க் கிண்ணம் மட்டும் அச்சாக இருந்தது, விளிம்பில் வழிந்த துளி உட்பட.

"லென்ஸ் அருமையான லென்ஸ் தம்பி. ஷட்டர் அம்பதுல நிக்குதே, புள்ள எப்படி நிக்கும்?" என்றார்.

கடைசியில் என் கல்யாண ஆல்பத்திலிருந்து அம்மாவை வெட்டி எடுத்து மாட்டினோம். அதில் அவர் சிரிக்கவில்லை.

இப்போது தரையில் உட்கார்ந்து, அவள் கண் மட்டத்தில் இருந்து எடுக்கிறேன். ஜன்னல் பக்கம், 1/500. ஐஎஸ்ஓ 3200-ஐத் தொட்டாலும் விட்டுவிடுகிறேன். புள்ளிகள் கண்ணை உறுத்துவதில்லை. ஃபோகஸ் புள்ளியை நானே அவள் கண்ணில் வைத்து, அவள் நகர நகரத் தொடரவிடுகிறேன். இதையெல்லாம் கற்க எனக்கு ஒரு வாரம் ஆனது. கிட் லென்ஸிலேயே, பகல் வெளிச்சத்தில், நல்ல படங்கள் வருகின்றன. 70-200-ஐ விற்று, கிடைத்ததை மனைவியிடம் கொடுத்துவிட்டேன். கொடுத்த விலையில் பாதிதான் வந்தது.

மகளிடம் மன்னிப்புக் கேட்டேன். "பரவால்லப்பா" என்றாள். ஆனால் கேமராவைக் கையில் எடுத்தால் இன்றும் விளையாட்டை நிறுத்திவிட்டு, இரண்டு கைகளையும் உடம்போடு ஒட்டி, மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். அது நான் பழக்கியது.