நார்கண்டாவில் உறைந்த நீர்

சண்டிகரில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்குச் சிம்லா புதிய ஊரன்று. ஊரிலிருந்து உறவினர் வந்து இறங்கினால் சிம்லா. குழந்தைகளுக்குப் பரீட்சை முடிந்தால் சிம்லா. வேறு ஒன்றும் தோன்றாவிட்டாலும் சிம்லா. ஆகையால் அந்நகரின் எழிலை வருணித்து வாசகர்களின் பொறுமையைச் சோதிக்கும் உத்தேசம் எங்களுக்கு இல்லை. சிம்லாவுக்கு அப்பால், அறுபது கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான தொலைவில் இருக்கும் நார்கண்டாவில் ஓர் இரவு நடந்ததையும், அதன் விளைவாக எங்கள் வீட்டுப் பின்முற்றம் ஒன்றரை மாத காலம் பட்டறையாக மாறியதையுமே இங்கே சொல்லப் புகுந்தோம்.

முதலில் வண்டியைப் பற்றிச் சில வார்த்தைகள். அது 1984ஆம் வருஷத்து அம்பாஸடர். மார்க் 4 என்னும் வகை. அரசாங்க உத்தியோகம் நிமித்தம் சண்டிகருக்கு வந்த எங்கள் தகப்பனார், சீட்டுப் பணமும் சேமநிதிக் கடனும் சேர்த்து வாங்கியது. வங்காளத்தில் உத்தரபாராவில் இருந்த தொழிற்சாலை 2014ஆம் ஆண்டில் அம்பாஸடர் செய்வதை நிறுத்திவிட்டது. ஆயினும் எங்கள் தகப்பனார் நிறுத்தவில்லை. அதாவது, வண்டியைத் துடைப்பதை நிறுத்தவில்லை. எண்பத்திரண்டு வயதில் ஓட்டுவதை மட்டும் எங்களிடம் விட்டுவிட்டு, காலையில் காப்பி அருந்தியதும் ஒரு மஞ்சள் துணியை எடுத்துக்கொண்டு வெளியே போய்விடுவார்.

சென்ற ஆண்டு பொங்கல் விடுமுறையில் நாங்கள் நால்வரும் நார்கண்டாவுக்குப் புறப்பட்டோம். தகப்பனார் குளிரை உத்தேசித்து வீட்டிலேயே தங்கினார். கால்கா, தரம்பூர், சோலன் என்று ஏறும் பாதையில், 1903இல் திறக்கப்பட்ட சிறிய ரயில்பாதை எங்கள் கூடவே ஒளிந்தும் தெரிந்தும் வந்தது. சிம்லாவைக் கடந்தபின் கூட்டம் குறைந்தது. தேவதாரு மரங்கள் மிகுந்தன. நார்கண்டா சுமார் 2,700 மீட்டர் உயரத்தில், பழைய ஹிந்துஸ்தான்–திபெத் சாலையின்மேல் ஒரு கணவாய் போல அமைந்த சிற்றூர். இதற்கு அருகேயுள்ள கோட்கட் பகுதியில்தான் ஸ்டோக்ஸ் என்னும் அமெரிக்கர் தம் நாட்டு ஆப்பிள் கன்றுகளை 1916இல் கொணர்ந்து நட்டார். பிற்காலத்தில் அவர் சத்தியானந்தர் என்று பெயர் மாற்றிக்கொண்டு இந்நாட்டவராகவே வாழ்ந்து மறைந்தார். நாங்கள் கண்டது இலையும் கனியும் இல்லாத மரங்களைத்தான். ஆயினும் அந்த மொட்டைக் கிளைகளுக்கு நடுவே மாலை வெயில் இறங்கிய காட்சி மனத்தை விட்டு அகலவில்லை.

அன்றிரவு வானம் நிர்மலமாக இருந்தது. மேகமற்ற இரவு மலையில் எவ்வளவு கொடியது என்பதைச் சமவெளிவாசிகளான நாங்கள் அறியோம். ஆனால் தகப்பனார் அறிவார். தொலைபேசியில் அழைத்து, “தண்ணீரை இறக்கிவிட்டாயா? இரண்டு குழாயையும் திற” என்று நினைவூட்டினார். சண்டிகரில் ஓடும் வண்டிக்கு ரேடியேட்டரில் வெறும் தண்ணீரே போதுமென்று பல வருஷங்களாக இருந்துவிட்டோம். உறையாமல் காக்கும் திரவம் ஏதும் அதில் இல்லை. எனவே கைவிளக்கைப் பிடித்துக்கொண்டு வண்டியின் கீழே குனிந்து ரேடியேட்டர்க் குழாயைத் திறந்தோம், தண்ணீர் ஓடிற்று. என்ஜினின் பின்பக்கத்தில் உள்ள இரண்டாவது குழாயையும் திறந்தோம். நாலைந்து சொட்டு விழுந்தது, நின்றுவிட்டது. தண்ணீர் எல்லாம் முன்குழாய் வழியாகவே போய்விட்டது போலும் என்று எண்ணி, கை விறைத்துப்போன அவசரத்தில் விடுதிக்குள் ஓடிவிட்டோம்.

காலையில் வெந்நீர் வாங்கி ரேடியேட்டரில் ஊற்றினோம். ஊற்ற ஊற்ற அது நிறையவில்லை. என்ஜினின் வலப்புறத்தில் ஒரு மெல்லிய கோடு. அதன் வழியே தண்ணீர் கண்ணீர் போல வழிந்துகொண்டிருந்தது. கோட்டின் நீளம் ஐந்து அங்குலம் இருக்கும். எங்கள் பெண், “அப்பா, தாத்தாவுக்கு என்ன சொல்வது?” என்று கேட்டாள். அந்தக் கேள்விக்கு, காலியாகச் சண்டிகர் திரும்பிக்கொண்டிருந்த ஒரு லாரியில் வண்டியை ஏற்றிக் கட்டி, அதன் பின்னாலேயே பஸ்ஸில் இறங்கி வந்த ஏழெட்டு மணி நேரமும் விடை கிடைக்கவில்லை.

தகப்பனார் கோபிக்கவில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு விரிசலைப் பார்த்தார். பிறகு, “குழாயில் ஒரு கம்பியை விட்டுக் குத்திப் பார்த்தாயா?” என்று மட்டும் கேட்டார். பார்க்கவில்லை. பல வருஷத்துத் துருவும் சேறும் என்ஜினின் அடியில் படிந்து அந்தக் குழாயின் வாயை அடைத்திருந்தன. நாலைந்து சொட்டோடு நின்றது தண்ணீர் தீர்ந்ததால் அல்ல, வழி இல்லாததால். உள்ளே தங்கிய நீர் இரவில் உறைந்தது; உறையும் நீர் ஏறக்குறைய நூற்றுக்கு ஒன்பது பங்கு பருக்கும். வார்ப்பிரும்பு வளையாது, அதற்குப் பிளக்க மட்டுமே தெரியும்.

மணிமாஜ்ராவில் உள்ள மோட்டார்ச் சந்தை சண்டிகர்வாசிகள் அனைவருக்கும் தெரிந்ததே. அங்கே ஒரு பட்டறையில் காட்டினோம். பட்டறைக்காரர் இரண்டு நிமிஷம் பார்த்துவிட்டு, “எடைக்குப் போடுங்கள், அல்லது வேறு என்ஜின் வைத்துத் தருகிறேன்” என்றார். வேறு என்ஜின் என்பது வாயால் சொல்லும் அளவுக்கு எளிதன்று. என்ஜின் எண் இந்த பிளாக்கின்மேல்தான் பொறிக்கப்பட்டிருக்கிறது. அதே எண் பதிவுப் புத்தகத்திலும் இருக்கிறது. பிளாக்கை மாற்றினால் எண் மாறும். எண் மாறினால் பதிவு அலுவலகத்தில் அனுமதியும் திருத்தமும் வேண்டும். போதாதென்று, பதினைந்து ஆண்டு கடந்த சொந்த வண்டிகளுக்கு ஐந்தாண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டுமல்லவா? எங்கள் வண்டிக்கு அந்தத் தவணை சித்திரையில் வந்தது. அதற்குள் வண்டி தன் காலால் நடந்து சோதனைக்குப் போகாவிட்டால், அப்புறம் அது முற்றத்தில் நிற்கும் இரும்பு மட்டுமே.

பற்றவைத்துவிட்டால் என்ன என்று நாங்கள் கேட்டோம். அப்போதுதான் தகப்பனார் தம் பழைய சிநேகிதர் ஒருவரை வரவழைத்தார். அவர் பட்டாலாவைச் சேர்ந்த சர்தார்ஜி. குர்தாஸ்பூர் மாவட்டத்திலுள்ள பட்டாலா, வார்ப்பட ஆலைகளுக்கும் கடைசல் இயந்திரங்களுக்கும் பெயர்பெற்ற ஊர். சிறுவயது முதல் வார்ப்பிரும்போடு பழகிய அவருக்கு வயது எழுபதுக்கு மேல். எங்களை ‘புத்தர்’ என்பார். பஞ்சாபியில் மகனே என்று பொருள். தகப்பனாரை ‘பாபுஜி’ என்பார். இருவரும் நாற்பது வருஷமாகப் பேசுவது ஹிந்தியும் பஞ்சாபியும் தமிழும் கலந்த ஒரு பாஷை. அது மூன்று மொழியினருக்கும் விளங்காது, அவர்கள் இருவருக்கும் பூரணமாக விளங்கும்.

“வார்ப்பிரும்பு கோபக்காரன், புத்தர்,” என்றார் சர்தார்ஜி. “ஓர் இடத்தில் மட்டும் சூடு காட்டினால், ஆறும்போது பக்கத்தில் வெடிப்பான்.” பற்றவைப்பதானால் பிளாக் முழுவதையும் உலையில் வைத்துச் சூடேற்றி, நிக்கல் கலந்த குச்சியால் ஒட்டி, சாம்பலிலோ சுண்ணாம்பிலோ புதைத்து மெல்ல மெல்ல ஆறவிட வேண்டும். அது வீட்டில் ஆகிற காரியமன்று. ஆனால் விரிசல் வெளிச்சுவரில், தண்ணீர் ஓடும் பகுதியில் மட்டும் இருந்தால், நெருப்பே இல்லாமல் தைத்துவிடலாம் என்றார். எண்ணெய்க் குச்சியை உருவிப் பார்த்தார். எண்ணெய் பால்போல் வெளுத்திருந்தால் தண்ணீர் உள்ளே கலந்துவிட்டது என்று அர்த்தம், அப்படி இல்லை. சிலிண்டர் தலையைக் கழற்றி உட்சுவர்களையும் விரலால் தடவிப் பார்த்தார். “உள்ளே சுகம்” என்றார். எங்களுக்கு அன்றுதான் சோறு இறங்கிற்று.

மூன்று இரும்புக் குழாய்களை முக்காலியாக நிறுத்தி, வாடகைக்கு எடுத்த செயின் பிளாக்கைத் தொங்கவிட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை என்ஜினை வெளியே தூக்கினோம். சண்டிகரின் பழைய அரசாங்க வீடுகளைத் திட்டமிட்ட பெரியவர்கள் பின்முற்றத்தைத் துணி உலர்த்தவும் கோடை இரவில் கட்டில் போடவும் வைத்தார்கள் என்று படித்திருக்கிறோம். இதற்கும் அது பொருத்தமாகவே இருந்தது. வடாம் பிழியும் காலம் அதற்குள் வந்துவிடுமே என்பதே எங்கள் தாயாரின் ஒரே ஆட்சேபணை.

முதல் வேலை, விரிசலின் இரண்டு முனைகளையும் கண்டுபிடிப்பது. கண்ணுக்குத் தெரிந்த இடத்தோடு அது முடிவதில்லை. பெயின்டைக் கம்பிப் பிரஷ்ஷால் சுரண்டி, மண்ணெண்ணெய் தடவி, நன்றாகத் துடைத்து, பள்ளிக்கூடத்துச் சாக்குக்கட்டியைப் பொடிசெய்து தூவினோம். விரிசலுக்குள் ஒளிந்திருந்த எண்ணெய் ஊறி வந்து, வெள்ளைப் பொடியில் கருங்கோடாகத் தெரிந்தது. நாங்கள் நினைத்ததைவிட அரை அங்குலம் அதிகம். அந்த முனைகளுக்குச் சற்று அப்பால் ஒவ்வொரு சிறு துளை இட்டார் சர்தார்ஜி. ஓடும் விரிசல் வட்டமான துளையை அடைந்தால் மேலே ஓடாது.

அப்புறம் தையல். விரிசலின்மேல் கால் அங்குலத் துளை போட்டு, அதில் மரை வெட்டி, மெல்லிய இரும்புத் திருகாணியை எபாக்சிப் பசை தடவி இறுக்கி, தலையை அறுத்துவிடுவது. அடுத்த துளையை முந்தைய ஆணியில் மூன்றில் ஒரு பங்கைக் கடித்தபடி போடுவது. அப்படிப் போட்டால் ஓர் ஆணி மற்றொன்றைப் பூட்டிக்கொள்கிறது. எதுவும் தானாகக் கழன்று வர முடியாது. சுவரின் கனமோ கால் அங்குலத்திற்கும் குறைவு; ஆகவே நெருக்கமான நுண்மரைதான் பிடிக்கும். மரை வெட்டும் கருவியின் பள்ளங்களில் கிரீஸைத் திணித்து, சீவல்கள் உள்ளே விழாமல் ஒட்டிக்கொள்ளச் செய்தார். சில விழத்தான் செய்தன. அவற்றிற்காகப் பக்கவாட்டு மூடிகளை எடுத்துவிட்டு, ரப்பர்க் குழாயால் நீரைப் பாய்ச்சிக் கழுவினோம். அப்போது வெளிவந்த செந்நிறச் சேற்றைப் பார்த்து நாங்கள் வெட்கமடைந்தோம். குழாய் அடைத்ததில் வியப்பில்லை.

நான்கு ஞாயிறுகளில் மொத்தம் 29 ஆணிகள். முதல் ஏழை அவர் போட்டார். எட்டாவதை எங்கள் கையில் கொடுத்தார். மரை வெட்டும்போது கை சற்றுச் சாய்ந்தால் கருவி உள்ளேயே முறிந்துவிடும். முறிந்தால் அந்தக் கடினமான எஃகை எடுக்க வழி காண்பது அரிது. அரைச் சுற்று முன்னே, கால் சுற்றுப் பின்னே. அப்படித்தான் போக வேண்டும். அந்த நேரத்தில் தகப்பனார் நாற்காலியைப் பக்கத்தில் போட்டுக்கொண்டு உட்கார்ந்து, ஒவ்வோர் ஆணியும் இறங்கியதும் பழைய டைரி ஒன்றில் கோடு போட்டு வந்தார். பிறகு சிறு சுத்தியலால் ஆணிகளின் தலைகளை மெதுவாகத் தட்டி ஒன்றோடொன்று பரப்பி, அரத்தால் ராவி, மேலே எபாக்சியைப் பூசினோம்.

சோதனை மார்ச் மாதம் இரண்டாவது சனிக்கிழமை. தலையைப் பூட்டி, தண்ணீர் நிரப்பி, திறந்த வாய்களை மரக்கட்டைகளால் அடைத்து, ஒரு கட்டையில் சைக்கிள் டியூபின் வால்வைப் பொருத்தி, சைக்கிள் பம்பால் அழுத்தம் ஏற்றினோம். பத்து பவுண்டு ஏறியதும் பதினேழாவது ஆணியின் ஓரத்தில் வியர்வைபோல் இரண்டு துளி. தகப்பனாரின் டைரியில் பார்த்தால் அது நாங்கள் போட்ட ஆணி. சர்தார்ஜி ஒன்றும் சொல்லாமல் அதன் பக்கத்தில் முப்பதாவது ஆணியைப் போட்டார். மறுபடி பூச்சு, ஒரு நாள் காயவிட்டது, மறுபடி பம்பு. அன்றிரவு வைத்த அழுத்தம் காலையில் அப்படியே நின்றது.

என்ஜினைத் திரும்ப இறக்கி, பாதிக்குப் பாதி எத்திலீன் கிளைக்கால் கலந்த நீரை நிரப்பினோம். அந்தக் கலவை பூஜ்யத்திற்குக் கீழே முப்பது பாகையிலும் உறையாது. சர்தார்ஜி கூலி என்று வாங்கியது ஆணியின் விலையும், ஒவ்வொரு ஞாயிறும் மத்தியான்னச் சாப்பாடும். ரசத்தை அவர் தம்ளரில் வாங்கி நின்றபடியே குடிப்பார்.

பதிவுச் சோதனைக்கு முன் ஒரு நாள், தகப்பனாரை முன்னால் உட்காரவைத்து, சுமார் இருபது கிலோமீட்டரில் உள்ள பிஞ்சோர் தோட்டம் வரை ஓட்டிச் சென்றோம். வழி முழுதும் அவர் வெளியே பார்க்கவில்லை. வெப்பமானியின் முள்ளையே பார்த்துக்கொண்டு வந்தார். முகலாயர் காலத்து மதிலின் நிழலில் வண்டியை நிறுத்தியதும் பானெட்டைத் திறக்கச் சொன்னார். கைக்குட்டையை மடித்து, விரிசல் இருந்த இடத்தில் ஒற்றி எடுத்துப் பார்த்தார். பிறகு அந்தக் கைக்குட்டையைப் பையில் வைத்துக்கொண்டு, “கால்கா எவ்வளவு தூரம்?” என்று கேட்டார். மாத்திரை சாப்பிடும் நேரம் ஆகிவிட்டதால் அன்று கால்காவுக்குப் போகவில்லை.