ஷிமோகிதசாவாவில் ஒரு செவ்வாய்க்கிழமை

ஒரு செவ்வாய்க்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு, டோக்கியோ நகரின் ஷிமோகிதசாவாப் பகுதியில், பழைய உடுப்புகள் விற்கும் கடையொன்றின் பக்கவாட்டிலிருந்து நிலவறைக்கு இறங்கும் படிக்கட்டில் நண்பரின் பின்னால் நான் இறங்கிச் சென்றபோது, கீழே கேபிள் சுருட்டிக்கொண்டிருந்தவரும், கண்ணாடிக் குவளைகளைத் துடைத்துக்கொண்டிருந்த பெண்ணும், கிட்டார்ப் பைகளைச் சுமந்து நின்ற இளைஞர்களும், ஒருவர் தவறாமல் எங்களுக்குக் காலை வணக்கம் சொன்னார்கள். என்னுடைய ஜப்பானிய மொழி ஞானத்தில்தான் ஏதோ பிசகு என்று முதலில் எண்ணினேன். பிசகு அதில் இல்லை. மேடைத் தொழிலைச் சேர்ந்தவர்களுக்கு அன்றைய தினம் முதன்முதலாகச் சந்திக்கும் வேளை எதுவோ அதுவே காலை. அந்தி சாய்ந்தபின் வேலைக்கு வருகிறவனும் ‘ஒஹாயோ கொசாய்மஸ்’ என்று சொல்லிக்கொண்டுதான் உள்ளே நுழைகிறான்.

இத்தகைய சங்கீதக் கூடங்களுக்கு ஜப்பானில் ‘லைவ் ஹவுஸ்’ என்று பெயர். 1976-ல் ஷின்ஜுகுவில் தொடங்கிய ‘லாஃப்ட்’ இவற்றுள் பிரசித்தமானது; அதன் கிளையாக 1991-ல் ஷிமோகிதசாவாவில் தோன்றிய ‘ஷெல்ட்டர்’, 2022-ல் வெளிவந்த ‘போச்சி த ராக்’ என்னும் சித்திரத் தொடரில் வரும் கூடத்துக்கு மாதிரியாக அமைந்துவிட்டதனால், இப்போது அதன் வாசலைப் படம் பிடிப்பதற்கென்றே வருகிறவர்களும் உண்டு. நான் போனது அவ்வளவு கீர்த்தி வாய்ந்த இடமன்று. நெருக்கியடித்தால் நூற்றைம்பது பேர் நிற்கலாம். அன்று வாசிக்கவிருந்த நான்கு குழுக்களின் பெயரையும், ஒரு காலத்தில் தாமே டிரம்ஸ் வாசித்தவரான என் நண்பர்கூடக் கேள்விப்பட்டதில்லை. அதுவே எனக்குச் சௌகரியமாக இருந்தது. நான் போனது, பெயர் தெரியாதவர்களின் வாசிப்பை ஒரு சாதாரண வேலைநாள் இரவில் கேட்கத்தக்கதாக ஆக்கிவைக்கும் சிலருடைய தொழிலைப் பார்ப்பதற்காகவே.

கேபிள் சுருட்டிக்கொண்டிருந்தவர்தான் அத்தொழிலுக்குத் தலைவர். ஐம்பது வயதைக் கடந்தவர். ஒலிப்பலகையின் முன்னால் அமர்கிறவரை அங்கே பெயர் சொல்லி அழைப்பது அபூர்வம், ‘பி.ஏ.சான்’ என்பார்கள், நம்மூரில் மைக் செட்காரர் என்பதைப்போல, ஆனால் மரியாதை சற்றுக் கூடுதலாக. கேபிளை ஒரே திசையில் சுற்றிக்கொண்டே போனால் உள்ளிருக்கும் கம்பி முறுக்கேறிக் காலப்போக்கில் அறுந்துவிடும் என்று, ஒரு சுற்றை நேராகவும் அடுத்ததைப் புரட்டியும் மாறிமாறிச் சுற்றி, வீசியெறிந்தால் சிக்கில்லாமல் ஓடும்படி அவர் அடுக்கிவைத்தார். எட்டு என்ற எண்ணின் வடிவத்தை வைத்து ‘எட்டுச் சுற்று’ என்று அதற்குப் பெயர். புதிதாகச் சேர்கிறவனுக்கு இதுதான் முதல் பாடம் என்றும், பலகையில் கைவைக்க விடுவது வெகுநாள் கழித்துத்தான் என்றும் அவர் சொன்னார்.

ஒத்திகை தலைகீழாக நடக்கிறது. இரவில் கடைசியாக வாசிக்கும் குழு முதலில் வந்து ஒத்திகை பார்க்க, முதலில் வாசிப்பவர்கள் கடைசியில் மேடையேறுகிறார்கள். அவர்கள் முடித்தபோது கருவிகள் எப்படி நிற்கின்றனவோ அப்படியே வைத்துவிட்டுக் கதவைத் திறக்கலாம் அல்லவா? மற்றக் குழுக்களின் மைக்கும் மிதிபலகையும் நின்ற இடங்களைத் தரையில் குழுவுக்கொரு வர்ண நாடா ஒட்டி அடையாளம் செய்கிறார்கள். ‘பாமிரி’ என்பது அந்த அடையாளத்தின் பெயர். ஒவ்வொரு குழுவும், யார் எங்கே நிற்பார், எந்தப் பாட்டுக்கு எந்த நிற விளக்கு வேண்டும் என்று ஒரு தாளில் வரைந்து கொடுத்திருந்தது. ஒரு தாளில், ‘மூன்றாம் பாட்டு, மழை நின்றபின் உள்ள வெளிச்சம்’ என்று எழுதியிருந்தார்கள். விளக்குப் பொறுப்பிலிருந்த இளம்பெண் அதைப் படித்துச் சிரிக்கவில்லை. நீலத்தையும் வெளிர் மஞ்சளையும் மூன்று விதமாகக் கலந்து பார்த்தாள்.

பி.ஏ.சானுக்கு ஒலி இரண்டு: வாசிப்பவர்களின் காதுக்கு மேடையில் கேட்கும் ‘உள் ஒலி’ ஒன்று, ஜனங்களுக்குக் கேட்கும் ‘வெளி ஒலி’ மற்றொன்று. பாடகியின் காலடியில் சாய்த்துவைத்த ஒலிபெருக்கியில் அவள் குரலைச் சிறிது உயர்த்தினால் அவளுக்குத் தைரியம் வருகிறது. அதிகம் உயர்த்தினாலோ அந்தக் குரலே மறுபடி மைக்கில் புகுந்து ஊளையிடுகிறது. இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள நூலிழை அகலத்தைத் தேடித்தான் அவர் பாதி ஒத்திகையைச் செலவிட்டார். அதைவிட நுட்பமான கணக்கும் ஒன்று உண்டு. மனித உடல்களும் உடுப்புகளும் ஒலியை, அதிலும் உச்ச ஸ்தாயியை, உறிஞ்சிவிடுமாதலால், காலிக் கூடத்தில் கணீரென்று கேட்பது நிறைந்த கூடத்தில் மங்கிப்போகும். ஆகவே ஒத்திகையின்போதே எத்தனை பேர் வருவார்கள் என்று மனத்தில் வைத்துக்கொண்டு சுதி சேர்ப்பதுபோல் ஒலி சேர்க்கவேண்டும். இன்று எத்தனை பேரை உத்தேசித்திருக்கிறீர்கள் என்று கேட்டேன். “செவ்வாய்க்கிழமை அல்லவா, சுவர்களை மட்டும் நினைத்துக்கொண்டேன்” என்றார்.

மாலை ஆறரைக்கு நானும் வெளியே போய், மறுபடி வாசல் வழியாகச் சீட்டு வாங்கிக்கொண்டு வந்தேன். சீட்டு 2,400 யென். கட்டாயமாக ஒரு பானம், 600 யென். உணவு விடுதிக்குரிய அனுமதியைப் பெற்று நடத்துவதால் பானம் விற்றாக வேண்டுமாம். பணத்தை வாங்கிய பெண், “எந்தக் குழுவைப் பார்க்க வந்தீர்கள்?” என்று வினவினாள். உபசாரக் கேள்வி என்று நினைத்து, ஒத்திகையில் என் கவனத்தைக் கவர்ந்த இரண்டாவது குழுவின் பெயரைச் சொல்லிவைத்தேன். அவள் ஒரு காகிதத்தில் கோடிட்டுக்கொண்டாள்.

அக்கோட்டின் பொருளை நண்பர் விளக்கினார். அதன் பெயர் ‘நொருமா’. ரஷ்ய மொழிச் சொல். யுத்தம் முடிந்தபின் சைபீரியாவில் கைதிகளாக வேலை செய்து திரும்பிய ஜப்பானியர், நாள்தோறும் முடித்தே தீரவேண்டிய வேலையளவைக் குறிக்கும் அச்சொல்லையும் உடன் கொண்டுவந்தார்கள். இங்கே அது ஒவ்வொரு குழுவும் விற்றுத் தரவேண்டிய சீட்டுகளின் எண்ணிக்கை. அன்று குழுவுக்குப் பதினைந்து. அதற்கு மேல் விற்றால் குழுவுக்குப் பங்கு உண்டு. குறைந்தால் வித்தியாசத்தைக் குழுவே கைப்பொறுப்பில் கட்டவேண்டும். வாடகையும் சம்பளமும் கொடுக்கும் முதலாளியின் சிரமம் விளங்காததன்று. எனினும் இந்த ஏற்பாடு எனக்கு நியாயமாகப் படவில்லை. ஜனங்களைத் திரட்டும் பாரம் முழுவதையும் வாசிக்கிறவன் தலையில் ஏற்றிவிட்டால், கூடத்தை நிரப்பவேண்டுமென்ற கவலை கூடத்துக்காரருக்கு எங்கிருந்து உண்டாகும்?

நான்கு குழுக்களும் அரைமணி வீதம் வாசித்தன. முதல் குழு சத்தம். நான்காவது, சத்தத்தை ஞானமென்று எண்ணிக்கொண்ட சத்தம். மூன்றாவதைப் பற்றி நினைவில் ஒன்றும் தங்கவில்லை. இரண்டாவது குழுவின் மூன்று பெண்கள் மட்டும், தங்களுக்கு எதிரே இருபதுக்கும் குறைவானவர்களே நிற்பதைக் கவனிக்காதவர்கள் போலவும், அந்த இருபதுக்குக் குறைவானவர்களில் ஒவ்வொருவரையும் தனித்தனியே கவனித்தவர்கள் போலவும் வாசித்தார்கள். மூன்றாம் பாட்டில் மழை நின்ற வெளிச்சம் வந்தது. பலகையின் முன்னால் பி.ஏ.சான், ஆயிரம் பேருக்கு முன் எப்படி நிற்பாரோ அப்படியே ஒரு விரலை ஒரு குமிழின் மேல் வைத்து அசையாமல் நின்றார்.

பத்து மணிக்குக் கணக்குத் தீர்த்தார்கள். வரியின் ஈற்றில் மைக்கை விட்டு முகத்தைத் திருப்புவதால் கடைசி எழுத்து காற்றில் போகிறது என்று பி.ஏ.சான் சொன்னதை அந்தப் பாடகி குறிப்புப் புத்தகத்தில் எழுதிக்கொண்டு, உறையிலிருந்து 21,600 யென் எண்ணிவைத்து, குனிந்து வணங்கினாள். அவர்கள் பேரில் விற்ற சீட்டு ஆறு. அந்த ஆறில் ஒன்று என்னுடையது.