பழைய போல்ட் போதுமா?

எஞ்சின் ஹெட்டைக் கழற்றிய பிறகு பழைய போல்ட்டையே திரும்பப் போடலாமா, புதிது வாங்க வேண்டுமா? ஆண்கள் பட்டறையில் பேசித் தீர்த்துக்கொள்ளும் விஷயம் இது என்பதுதான் எங்கள் பக்கத்து எண்ணம். பம்ப்செட்டும் மோட்டாரும் வார்ப்படமுமாகப் பிழைக்கும் கோயமுத்தூரில் மோட்டாருக்குக் காயில் சுற்றும் பெண்கள் எத்தனையோ பேர். ஆனாலும் ஸ்பேனர் பிடித்தவர் சொல்வதுதான் முடிவு. பணம் கட்டுவது பெண்ணாக இருந்தால், அந்த முடிவைக் கேட்டுக்கொள்வதோடு அவள் வேலை முடிந்தது.

சென்ற வருடம் என் லோடு வண்டி மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி ஏறும்போது சூடேறி நின்றது. வண்டி என் பெயரில் இருக்கிறது, தவணையும் நான்தான் கட்டுகிறேன். ஓட்டுவதற்கு ஆள் வைத்திருக்கிறேன். ரேடியேட்டர் ஹோஸ் விட்டுப்போய்த் தண்ணீர் முழுக்க இறங்கியிருந்தது. ஆயில் பால் டீ நிறத்துக்கு மாறியிருந்தது. ஆயிலும் தண்ணீரும் இப்படிக் கலந்தால் பெரும்பாலும் ஹெட் கேஸ்கெட் போய்விட்டது என்று பொருள்.

மெக்கானிக் ஹெட்டை இறக்கினார். வாங்க வேண்டிய சாமான்களை எழுதிக் கொடுத்தார். அதில் போல்ட் இல்லை.

“ஏனுங்ணா, ஹெட் போல்ட் மாத்த வேண்டாமுங்ளா?”

“அதெல்லாம் ஒண்ணும் ஆகாதுங் அம்மிணி. முப்பது வருசமா பழசையேதான் போட்டுட்டு இருக்கறேன். வூட்டுல ஆம்பளைங்க இருந்தா போன் போடச் சொல்லுங்க, நான் பேசிக்கறேன்.” பிறகு சிரித்தார். “பொம்பளைங்க ஒரு நூல்கண்டக்கூட வீச மாட்டீங்க. நீங்க போயி நல்லா இருக்கற போல்ட்ட வீசச் சொல்றீங்களே!”

அவர் சொன்னது பொய்யில்லை. என் அமுச்சியின் தோட்டத்தில் கிணற்று மேட்டில் ஓர் ஆயில் எஞ்சின் இருந்தது. அதன் ஹெட்டை எத்தனை முறை இறக்கினாலும் அதே ஸ்டட்டும் நட்டும்தான் திரும்ப ஏறும். மரையைத் துடைத்து, துரு பிடித்திருக்கிறதா, எங்காவது இடுப்பு சிறுத்திருக்கிறதா என்று பார்த்துப் போடுவார்கள். அந்த எஞ்சினுக்கு அது சரியான வேலை.

காரணம் இதுதான். போல்ட் என்பது உண்மையில் ஒரு ஸ்பிரிங். முறுக்கும்போது மிகச் சிறிதளவு நீள்கிறது. சுருங்கப் பார்க்கும் அந்த இழுப்புதான் ஹெட்டைக் கேஸ்கெட்டின் மேல் அழுத்திப் பிடிக்கிறது. பழைய எஞ்சின்களின் போல்ட்டுகளை மீளும் எல்லைக்குள்தான் முறுக்குவார்கள். கழற்றினால் பழைய நீளத்துக்கே வந்துவிடும். புது எஞ்சின்கள் பலவற்றில் வேறு முறை. டார்க் ரெஞ்ச்சால் ஓர் அளவுக்கு முறுக்கி, அதன்பின் 90 டிகிரி, இன்னொரு 90 டிகிரி என்று கோணம் வைத்துத் திருப்புவார்கள். முறுக்கும் பலத்தில் பெரும்பகுதியை உராய்வு தின்றுவிடுகிறது. கோணம் வைத்துத் திருப்பினால் எல்லாப் போல்ட்டிலும் இழுப்பு ஏறக்குறைய ஒன்றாக இருக்கும். ஆனால் இந்தப் போல்ட்டுகள் மீளும் எல்லையைத் தொட்டு, சிலசமயம் தாண்டியும் விடுகின்றன. கழற்றிய பிறகும் சற்று நீளமாகவே நிற்கும். சில தயாரிப்பாளர்கள் ஒவ்வொரு முறையும் புதிது போடச் சொல்கிறார்கள். சிலர் நீளத்துக்கு ஓர் உச்ச அளவு கொடுத்து, அதற்குள் இருந்தால் போடலாம் என்கிறார்கள்.

என் வண்டியின் சர்வீஸ் புத்தகத்தில் அந்த உச்ச அளவு இருந்தது. “அளந்து பாத்துரலாமுங்ணா” என்றேன். அவருக்குப் பிடிக்கவில்லை; ஆனால் வெர்னியர் எடுத்தார். பத்துப் போல்ட்டில் மூன்று அளவைத் தாண்டியிருந்தன. கண்ணால் பார்த்தால் பத்தும் ஒன்றுபோலத்தான் இருந்தன. மூன்றை மட்டும் மாற்றினால் அழுத்தம் சமமாக இருக்காது என்று அவரே சொல்லி, பத்தையும் எழுதினார்.

நூல்கண்டைப் பற்றி அவர் சொன்னது மட்டும் எனக்குள் நின்றுவிட்டது. சிக்கனத்தை எங்களுக்குச் சிறுவயதிலேயே சொல்லிக் கொடுத்துவிடுகிறார்கள். எதை மறுபடி பயன்படுத்தலாம், எதைப் பயன்படுத்தக் கூடாது என்று தீர்மானிக்கும் உரிமையை மட்டும் தருவதில்லை. ஒரு செட் போல்ட்டின் விலை, ஹெட்டை இன்னொரு முறை இறக்கி ஏற்றும் கூலியைவிடக் குறைவு. மலைப்பாதையில் லோடோடு வண்டி மறுபடி நின்றால் டிரைவரின் உயிரும் என் தவணையும் சேர்ந்தே ஆடும். இதையும் கணக்கில் வைப்பதுதான் சிக்கனம்.

முப்பது வருட அனுபவமும் எல்லோருக்கும் சமமாகத் திறந்திருந்த கதவு வழியே வந்ததல்ல. 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்தில் 22-ஆம் பிரிவு, ஓடும் எஞ்சினைத் துடைக்கவோ எண்ணெயிடவோ சரிசெய்யவோ பெண்களையும் இளவயதினரையும் அனுமதிக்கக் கூடாது என்றது. அதே பிரிவு, ஓடும் இயந்திரத்தைச் சோதிக்கவோ எண்ணெயிடவோ நேர்ந்தால், தனிப்பயிற்சி பெற்ற வயதுவந்த ஆண், உடலை ஒட்டிய உடுப்போடு செய்யலாம் என்றது. அந்த உடுப்பையும் நிர்வாகமே தர வேண்டும். ஆபத்து உண்மைதான். அதற்கு ஆணுக்குக் கிடைத்தது பயிற்சியும் உடுப்பும், பெண்ணுக்குக் கிடைத்தது தடை. தெருவோரப் பட்டறைக்கு எழுதிய சட்டமல்ல அது. ஆனால் அந்தப் பட்டறையில் ஒரு பெண் முப்பது வருடம் நின்று கை பழகாததற்கும் அதே மனம்தான் காரணம்.

அனுபவத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. மூன்றுக்குப் பதில் பத்து என்று சொன்னது அவருடைய அனுபவம்தான். ஆனால் அனுபவம் அளவுகோலுக்குப் பதில் சொல்லியாக வேண்டும். அளவுகோலைப் பிடிக்க முப்பது வருடமோ மீசையோ தேவையில்லை. உங்கள் வண்டியின் ஹெட்டை இறக்கினால் மூன்று கேள்விகள் கேளுங்கள்: புத்தகம் புதுப் போல்ட் போடச் சொல்கிறதா? நீளத்துக்கு உச்ச அளவு உண்டா, இந்தப் போல்ட்டின் நீளம் எவ்வளவு? எந்த வரிசையில், எத்தனை அளவுக்கு, எத்தனை டிகிரி முறுக்கப் போகிறீர்கள்? பதில்களைப் பில்லிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். இதற்காக வீட்டில் யாருக்கும் போன் போட வேண்டியதில்லை.