குறிஞ்சிப் புதருக்குள்ளே

குறிஞ்சியை விரிவுரை மண்டபத்திற் படிப்பது எளிது. மலையும் மலைசார்ந்த இடமும், கூதிரும் முன்பனியும், யாமம் என்று எழுதிவிட்டால் வினாத்தாளுக்குப் போதும். தெஹிவளையில், காலி வீதிப் பேருந்துகளின் இரைச்சல் ஓயாத அறையொன்றில் அவ்வாறே அதைப் படித்த மாணவர் மூவர், 2015ஆம் ஆண்டு மாசி மாதத்திற் கிரிகல்பொத்தை மலைக்குப் புறப்பட்டனர். மாசி பின்பனிக்குரியது. இலக்கணப்படி பார்த்தால் பருவந்தப்பிய பயணமே.

2,388 மீற்றர் உயரமுடைய கிரிகல்பொத்தை, இலங்கையின் இரண்டாவது உயர்ந்த மலை. 2,524 மீற்றர் உயர்ந்த பீதுருதாலகாலையின் உச்சிவரை வாகனப் பாதை உண்டு. இதற்கோ ஹோட்டன் சமவெளியிலிருந்து ஏறத்தாழ 7 கிலோமீற்றர் ஒற்றையடிப் பாதைதான். 1988இல் தேசியப் பூங்காவாக்கப்பட்ட அச்சமவெளிக்கு வருவோரிற் பெரும்பாலோர் ‘உலக முடிவு’ என்னும் செங்குத்து விளிம்பை எட்டிப் பார்த்துத் திரும்பிவிடுவர். ஆகவே பாதை அடிக்கடி புதருள் மறையும். மரை நடந்த தடம் எது, மனிதர் நடந்த தடம் எது என்று பிரித்தறிவது கடினம்.

காலையிற் புல்நுனிகளில் உறைபனி வெளுத்துக் கிடந்தது. சதுப்பிற் கால்கள் முழங்கால்வரை புதைந்தன. அதைக் கடந்தால் பாசி படர்ந்த குறுமரங்கள், குட்டை மூங்கில். அவற்றிடையே ஆளுயரத்திற்கு அடர்ந்து நின்ற காய்ந்த தண்டுகள். சிங்களவர் நெலு என்பர், குறிஞ்சியின் இனந்தான். பல்லாண்டுகளுக்கொருமுறை, சில வகைகள் 12 ஆண்டுகளுக்கொருமுறை, ஒருசேரப் பூத்து, விதை சிந்தி, ஒருசேர மடியும். 2013இற் சமவெளியை நிறைத்துப் பூத்தவற்றின் எச்சமே அவை. புலவர் போற்றிய செடி இங்கே முகத்தைக் கீறிற்று, சட்டையைக் கிழித்தது.

நண்பகலில் மூடுபனி இறங்கலாயிற்று.

“மச்சான், பாதையைத் தேடினா பொழுதுபட்டிடும். இதுக்குள்ளால நேரே முறிச்சுக்கொண்டு ஏறுவம்.”

முறிப்பது அரிதாயிருக்கவில்லை, தொட்டதும் ஒடிந்தன. பத்துப் பதினைந்து அடி சென்றபின்னரே கடைசியாக வந்தவன் குனிந்து பார்த்தான். தண்டுகளின் அடியிற் சாணுயரமும் எட்டாத இளநாற்றுகள் பச்சைப்பாயாய்ப் பரந்திருந்தன. சப்பாத்துப் பதிந்த இடங்களில் அவை சேற்றோடு சேறாகியிருந்தன.

“இதுகள் பூக்க இன்னும் பத்து வருசம் கிடக்கு” என்றான்.

பத்துச் செடிக்காக மலையை விடுவதா என்றான் முன்னே நின்றவன். ஆறு மாதமாய்ச் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தில் வந்த பயணம். அவன் சினம் நியாயமற்றதன்று. ஒருமுறை திறந்துவிட்டால் பின்வருவோரும் இதையே பாதையென்று கொள்வர் என்பது மற்றவன் வாதம். மூன்றாமவன் ஒன்றும் பேசாமல் வந்த தடத்திலேயே திரும்பி இறங்கத் தொடங்கினான். பாதையை மீண்டும் கண்டுபிடிக்க ஒரு மணி நேரத்துக்கு மேலாயிற்று.

உச்சியை அடைந்தபோது வெண்மையன்றி வேறெதுவும் தெரியவில்லை. மேற்கே காணலாமென நம்பி வந்த சிவனொளிபாத மலை இருந்த திசையைக்கூட அவர்களால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. கால்மணி நேரம் குளிரில் நின்றுவிட்டு இறங்கினர்.

ஓஹியா புகையிரத நிலையத்திற் சண்டை தணிந்திருந்தது. 2013உடன் 12ஐக் கூட்டிப் பார்த்து, 2025இல் மூவருமாக வருவதென்று பேசிக்கொண்டனர். அவ்வாண்டு பிறந்தபோது தெஹிவளையில் இருந்தவன் ஒருவனே. ஏனைய இருவரில் ஒருவன் ரொறன்ரோவிலும், முறித்துக்கொண்டு ஏறுவோம் என்றவன் மெல்பேணிலும் இருந்தனர்.